அடுத்தது யார் என்று அவற்றுக்குத் தெரியும்

ஒரு கூட்டில் எது எதை விரட்டுகிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால், முட்டையிடுவது எது என்பதையும் சொல்லிவிடலாம் என்றுதான் மனம் நினைக்கும். அடிப்பது மேலே, அடங்குவது கீழே, மேலே இருப்பதற்கே சந்ததி. ரொபாலிடியா மார்ஜினேட்டா என்ற குளவியிடம் இந்தக் கணக்கு செல்லாது. தென்னிந்தியாவில் எங்கும் காணக்கிடைக்கும் சாதாரணக் குளவி அது. செம்பழுப்பு உடல், வயிற்றின் குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடு. அதன் கூட்டில் முட்டையிடுவது ஒரே ஒரு பெண். அந்தப் பெண் அநேகமாக எதையும் கடிப்பதில்லை, துரத்துவதில்லை. பெரும்பாலான நேரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. கடிப்பதும் துரத்துவதும் முட்டையிடாத மற்றவை. அடிதடியை வைத்து வரிசை ஒன்று எழுதினால் ராணியின் பெயர் அதன் உச்சியில் வராது. ஆனாலும் அது உயிரோடு இருக்கும்வரை வேறெதுவும் முட்டையிடுவதில்லை. இதைப் படித்ததிலிருந்து எனக்குள் ஒரு நெருடல். ராணியைச் சாது என்று ஒப்புக்கொள்ள மனம் மறுக்கிறது. அந்தச் சாதுத்தனத்துக்குப் பின்னால் ஏதோ தந்திரம் இருந்தாக வேண்டும் என்று தேடுகிறது. ஏன் அப்படித் தேடுகிறது என்பதும் நெருடலின் ஒரு பகுதிதான். அதிகாரம் என்று ஒன்று இருந்தால் அதன் அடியில் எங்கோ ஒரு மிரட்டல் இருக்கும் என்று வாழ்க்கை பழக்கிவைத்திருக்கிறது. மிரட்டல் இல்லாமலேயே இருபது முப்பது உடல்கள் தங்கள் கருவளத்தை ஒடுக்கிக்கொள்ளும் என்றால், அங்கே நடப்பதை ஆட்சி என்பதா, வேறு ஏதோ என்பதா?

இந்தக் கூட்டைப் பார்க்காதவர்கள் குறைவு. சன்ஷேடுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்கு மேல்மூலையில், திறக்கப்படாமலே கிடக்கும் ஜன்னலின் கம்பிச் சந்தில் தொங்கும். நம் வீடுகளில் குளவிக்கூடு என்றதும் முதலில் நினைவுக்கு வரும் மண்கூடு இல்லை இது. மண்கூடு கட்டுவது தனித்து வாழும் குளவி. அதற்கு அக்கம்பக்கம் என்று எதுவும் கிடையாது. இது செடிநாரை மென்று எச்சிலில் குழைத்து இழைத்த பழுப்புக் காகிதம். மேலுறை கிடையாது; அறுகோணக் குழிகள் வாய் திறந்தபடி நமக்கு எதிரே இருக்கும். மாடிப்படி வளைவில் அப்படி ஒரு கூடு இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவை நம்மைப் பொருட்படுத்துவதில்லை. சில குழிகளின் அடியில் முட்டை, சிலவற்றில் தலையை மட்டும் காட்டிக்கொண்டு கொழுத்த புழு, சிலவற்றின் வாய் வெண்பட்டால் மூடியிருக்கும். வெளியே போன ஒன்று கம்பளிப்பூச்சியை மென்று உருட்டிய பச்சை உருண்டையோடு வந்து இறங்கியது. கூட்டில் இருந்த இன்னொன்று அதன் வாயிலிருந்தே உருண்டையைப் பிய்த்துக்கொண்டது. பிய்த்ததை மூன்றாவது ஒன்று பங்குபோட்டது. பிறகு குழிகளுக்குள் தலையைவிட்டுப் புழுக்களுக்கு ஊட்டின. இதெல்லாம் முடிந்து கூடு அடங்கியபோது, ஒன்று நடந்துவந்து இன்னொன்றின் மேல் ஏறி அதன் உணர்கொம்பை வாயால் கவ்விப் பிடித்தது. கவ்வப்பட்டது எதிர்க்கவில்லை, ஓடவுமில்லை. உடம்பைக் கூட்டோடு அழுத்தி, தலையைத் தாழ்த்தி, அப்படியே கிடந்தது. சில நொடிகள். விடுபட்டதும் கொம்புகளை முன்காலால் நீவித் துடைத்துக்கொண்டு வெளியே பறந்துபோனது. பார்ப்பவருக்கு அது ஒரு அவமானக் காட்சி. உயர்வும் தாழ்வும் கண்முன் நிறுவப்படுவதாகவே தோன்றும்.

அது அவமானம் இல்லை, பசி என்று தெரிந்தபோதுதான் நெருடல் கேள்வியாக மாறியது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கரும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகளாக இந்த ஒரு குளவியையே பார்த்துவருகிறார்கள். 2001இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய பெரிய நூல் முழுக்க முழுக்க இந்த ஒற்றை இனத்தைப் பற்றியது. கூடுகள் இருக்கும் அறைக்கு வலையடித்திருக்கிறார்கள். இந்தக் குளவி தாராளமாகப் போய்வரலாம், உருவில் பெரிய குளவியான கதண்டு நுழைய முடியாது. தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் வயலில் வேலைசெய்பவர்கள் பயப்படுகிற கதண்டுதான் இந்தக் குளவிக்கும் எமன். அது வந்து இறங்கினால் குளவிகள் கூட்டைவிட்டு விலகி நின்று பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. புழுக்களை ஒவ்வொன்றாக இழுத்துத் தின்றுவிட்டுப் போகும். வலைக்குள் அந்தப் பயம் இல்லை. ஒவ்வொரு குளவியின் உடம்பிலும் வெவ்வேறு நிறத்தில் சாயப்புள்ளி வைத்து, எது எதைக் கவ்வியது, எது உடனே பறந்தது என்று குறித்துக்கொண்டே போனார்கள். கூட்டைப் பட்டினி போட்டால் கவ்வலும் துரத்தலும் கூடுகின்றன. வேண்டிய மட்டும் தீனி வைத்தால் குறைகின்றன. இரை தேடப் போகிறவைதான் அதிகம் கவ்வப்படுகின்றன. ஆக, ராணி இருக்கும் கூட்டில் இந்த அடிதடியின் பெரும்பங்கு, உள்ளே புழுக்கள் பசித்திருக்கின்றன, போய்க் கொண்டுவா என்று வெளிவேலை பார்ப்பவற்றுக்குச் சொல்லும் வழி. முட்டை யார் இடுவது என்ற விவகாரம் அதில் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் ஒன்றைப் பேசுகிறது, நமக்கு அக்கறையுள்ள விஷயம் வேறெங்கோ, கண்ணுக்குத் தெரியாமல் பேசப்படுகிறது.

ராணியைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால்தான் அந்த மறைவான பேச்சு கொஞ்சம் வெளியே வருகிறது. சில நிமிடங்களில், அதிகம் போனால் அரை மணிக்குள், அதுவரை கூட்டத்தில் ஒன்றாக இருந்த ஏதோ ஒரு குளவி வெறிபிடித்தது போலாகிவிடும். எதிர்ப்படுவதையெல்லாம் கவ்வும், துரத்தும், மேலே ஏறி உட்காரும். ஒன்றே ஒன்றுதான் அப்படி ஆகும், இரண்டு ஆவதில்லை. மற்றவை எதிர்த்து நிற்பதுமில்லை. ராணியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டால் அந்த ஒன்று அடங்கி மறுபடி கூட்டத்தில் கரைந்துவிடும். திருப்பி விடாவிட்டால் ஒரு வாரம் போல ஆகும். கோபம் படிப்படியாக வடியும், முட்டையிடத் தொடங்கும், முந்தைய ராணியைப் போலவே சாதுவாகிவிடும். அந்த ஒன்று எது என்று முன்கூட்டிச் சொல்ல ஆராய்ச்சியாளர்கள் எத்தனையோ வழியில் முயன்றிருக்கிறார்கள். உடலளவை வைத்துச் சொல்ல முடியவில்லை. அடிதடியில் அது எத்தனையாவது இடம் என்பதை வைத்துச் சொல்ல முடியவில்லை. சினைப்பை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை வைத்தும் முடியவில்லை. இதே நாட்டில், இதே பேரினத்தில் ரொபாலிடியா சயாத்திஃபார்மிஸ் என்று ஒரு குளவி இருக்கிறது. அதன் ராணி முரட்டு ராணி, அடிதடி வரிசையின் உச்சியில் இருப்பது. அதற்கு அடுத்த முரடுதான் பெரும்பாலும் வாரிசு. பார்த்தாலே தெரிந்துவிடும். கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கூடு, ஒரே மாதிரி வாழ்க்கை, ஆனால் ஒன்றில் எல்லாம் வெளிப்படை, இன்னொன்றில் எல்லாம் மறைவு. இயற்கையின் விதி இதுதான் என்று பொதுவாகச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நமக்குத்தான் தெரியவில்லையா, குளவிகளுக்கும் தெரியாதா? அனிந்திதா பத்ராவும் கதக்கரும் 2008இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கென்றே அமைந்தது. அதன் எளிமை இன்றைக்கும் என்னை வியக்கவைக்கிறது. கூட்டை இரண்டாக வெட்டி நடுவே கம்பிவலை வைத்தார்கள். குளவிகளை இருபக்கமும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ராணி ஒருபக்கம். ராணி இல்லாத பக்கத்தில் எதிர்பார்த்தபடி ஒன்று வெறிகொண்டு எழுந்தது. பிறகு ராணியை அந்தப் பக்கத்துக்கும் எழுந்த வாரிசை எதிர்ப்பக்கத்துக்கும் மாற்றினார்கள். குளவிகளுக்குள் ஏற்கெனவே ஒரு வாரிசு உண்டென்றால், குலுக்கலில் அது இந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம், அந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம். எழுந்தது உண்மையான வாரிசாக இருந்தால், எதிர்ப்பக்கத்திலும் அது ஏற்கப்பட வேண்டும். அது வெறும் பதிலியாக இருந்தால், உண்மையான வாரிசு எதிர்ப்பக்கத்தில் காத்திருக்கும். இது போனதும் அது எழும், இது அடங்கும். சில கூடுகளில் முதலில் எழுந்ததே இருபக்கமும் ஏற்கப்பட்டது. மற்றவற்றில் அது எதிர்ப்பக்கம் போனதும் அடங்கிப்போக, அங்கே இன்னொன்று எழுந்தது. அந்த இரண்டாவதை எந்தப் பக்கம் மாற்றினாலும் ஏற்றுக்கொண்டன. மூன்றாவதாக ஒன்று எழவே இல்லை. ஏற்கப்பட்ட வாரிசை ஒன்றுகூட அடித்துப் பார்க்கவில்லை. பின்னால் 2012இல் அலோக் பாங்கும் கதக்கரும் ராணிகளையும் வாரிசுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தபோது, அடுத்தது, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது என்று சண்டையே இல்லாத ஒரு வரிசை இருப்பது தெரிந்தது. வயதில் மூத்தவை முன்னால் நிற்கும் சாய்வு அதில் உண்டு. ஆனால் வயது மட்டுமே முழுக் கணக்கையும் தீர்ப்பதில்லை. கவ்வலும் துரத்தலும் நிறைந்த அந்தக் கூட்டத்தில் மிகப் பெரிய விஷயம் ஒன்று, சிறு உரசலும் இல்லாமல் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கிறது.

அந்தக் கம்பிவலை இன்னொன்றையும் சொல்லிவிட்டது. வலை வழியே காற்று போகும். ராணி ஒரு விரற்கடை தூரத்தில்தான் இருக்கிறது. இருந்தும் மறுபக்கத்தவை ராணி இல்லாதது போலவே நடந்துகொண்டன. அப்படியென்றால் ராணியின் இருப்பைச் சொல்லும் பொருள் காற்றில் பரவுவது இல்லை, தொட்டால்தான் தெரிவது. ராணி மற்றவற்றை நேரடியாகத் தொடுவதோ மிகக் குறைவு. மீதி இருந்த ஒரே சாத்தியம் கூடு. ராணி நடக்கும்போது வயிற்றின் நுனியைக் கூட்டின் பரப்பில் தேய்த்துக்கொண்டே நடப்பதை முன்பே பார்த்திருந்தார்கள். இப்போது அதற்குப் பொருள் கிடைத்தது. கொடுக்கின் அடிவாரத்தில் டியூஃபோர் சுரப்பி என்று ஒரு சிறு பை இருக்கிறது. அதில் ஊறுவது நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன்கள், எளிதில் ஆவியாகாதவை. ராணியின் சுரப்பியை நசுக்கி எடுத்த சாற்றை ராணியில்லாத கூட்டில் தடவியபோது, வெறிகொண்டிருந்த வாரிசின் வேகம் குறைந்தது. மற்ற குளவிகளின் சாற்றுக்கு அந்தப் பலன் இல்லை. அந்தச் சாற்றின் சேர்மானம் ராணிக்கு ஒரு மாதிரி, மற்றவற்றுக்கு ஒரு மாதிரி. அதோடு, ராணிகளுக்குள்ளேயே சினைப்பையின் வளர்ச்சிக்கு ஏற்ப மாறுகிறது என்று அனிருத்த மித்ராவின் ஆய்வு காட்டியது. அந்த வாசனை தானாக மங்கும். மங்க மங்க ராணி மறுபடி மறுபடி இட வேண்டும். வாசலில் போடும் கோலத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தினமும் இருக்கும்போது யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒருநாள் காலை வாசல் வெறுமையாகக் கிடந்தால், அந்த வீட்டில் என்னமோ ஆகிவிட்டது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ராணியை எடுத்த அரை மணிக்குள் கூடு கலைவதும் அப்படித்தான்: யாரும் எதையும் அறிவிக்கவில்லை, இட்டது மங்கியது, மறுபடி இடப்படவில்லை.

இங்கேதான் பழைய கேள்வி கூர்மையாகத் திரும்புகிறது. அந்த வாசனை உத்தரவா, தகவலா? 1993இல் லாரன்ட் கெல்லரும் பீட்டர் நோனாக்ஸும் எழுதிய ஒரு கட்டுரை இந்தப் பிரிவை அழுத்தமாக முன்வைத்தது. ராணியின் வாசனை மற்றவற்றின் சினைப்பையை வேதிப்பொருளால் முடக்குகிறது என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். அப்படி முடக்கும் விஷமாக இருந்தால், பரிணாமத்தில் அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற வேலைக்காரி தோன்றியிருக்கும், பிறகு ராணி இன்னும் கடுமையான விஷம் தயாரிக்க நேரும், இப்படிப் போட்டி முடிவில்லாமல் ஓடியிருக்கும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மாறாக, நான் இருக்கிறேன், முட்டையிடும் திறனோடு இருக்கிறேன் என்ற நேர்மையான தகவல் என்றால் போட்டிக்கே இடமில்லை. கேட்பது தன் நலனைக் கணக்கிட்டுத் தானே அடங்குகிறது. 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று இந்தப் பக்கம் எடையைக் கூட்டியது. ஒரு குளவி, ஒரு எறும்பு, ஒரு வண்டுத்தேனீ என்று தனித்தனியே சமூக வாழ்வுக்கு வந்து சேர்ந்த மூன்று பூச்சிகளிலும் ராணியை அடையாளம் காட்டுவது ஒரே வகைப்பட்ட ஹைட்ரோகார்பன்கள். பூச்சியின் உடம்பு காய்ந்துபோகாமல் காக்கும் மேல்மெழுகின் பகுதிதான் அவை. சமூகம் என்று ஒன்று வருவதற்கு முன்பே, முட்டை முதிரும் உடலில் அந்த மெழுகின் சேர்மானம் மாறியிருக்கும். செய்தி அனுப்ப வேண்டும் என்று எந்தப் பூச்சியும் தொடங்கவில்லை. கருவளம் உடம்பில் தானாகவே எழுதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவை படிக்கக் கற்றன. இது எனக்கு ஆறுதலாகவே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆறுதலாக இருப்பதாலேயே இதன்மேல் ஒரு சந்தேகமும் உண்டு. அடங்குவது அடங்குகிறவரின் நலனுக்குத்தான் என்று சொல்லும் எந்த விளக்கத்தையும் இரண்டு முறை சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாது.

சோதிப்பதற்கு வேறு குளவிகளிடம் போக வேண்டியிருக்கிறது. இத்தாலியில் லியோ பார்டி 1940களில் போலிஸ்டிஸ் குளவிகளைப் பார்த்து, பூச்சிகளிலும் மேல்கீழ் வரிசை உண்டு, அது சினைப்பையின் வளர்ச்சியோடு பிணைந்திருக்கிறது, அடங்குவதன் சினைப்பை சுருங்குகிறது என்று எழுதினார். வசந்தத்தில் சில பெண்கள் சேர்ந்து கூடு தொடங்கும். உணர்கொம்பால் தட்டித் தட்டி, சில சமயம் கட்டிப்புரண்டு, ஒன்று மேலே வரும். அங்கே மேலே இருப்பதும் முட்டையிடுவதும் ஒன்றுதான். அவற்றில் ஒன்றான போலிஸ்டிஸ் டொமினுலா அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவில் பரவிய பிறகு, எலிசபெத் டிபெட்ஸ் அவற்றின் முகத்தைப் பார்த்தார். மஞ்சள் முகத்தில் கருப்புத் திட்டு. திட்டு எவ்வளவு உடைந்தும் சிதறியும் இருக்கிறதோ அவ்வளவு அந்தக் குளவி சண்டையில் வலியது என்று 2004இல் ‘நேச்சர்’ இதழில் அவரும் ஜேம்ஸ் டேலும் எழுதினார்கள். சாயத்தால் முகத்தை மாற்றி, இல்லாத வலிமையைக் காட்டவைத்தால் என்ன ஆகும்? அப்படிப் பொய்முகம் பூண்டவற்றை மற்றவை அதிகமாகத் தாக்கின. முகம் சொல்வதும் நடத்தை சொல்வதும் பொருந்தாதபோது தண்டனை. அடையாளம் நேர்மையாக இருப்பது அதைத் தாங்கியவரின் நற்குணத்தால் இல்லை. சுற்றியிருப்பவை விடாமல் சரிபார்ப்பதால். இதில் ஒரு கடுமை இருக்கிறது, தகவல் என்ற மென்மையான விளக்கத்துக்குள் அடங்காத கடுமை. இதோடு முடிந்துவிடவும் இல்லை. ஸ்பெயினில் ஜொனாதன் கிரீனும் ஜெரமி ஃபீல்டும் அதே இனத்தைச் சோதித்தபோது முகத்திட்டு எதையும் உணர்த்தவில்லை. அங்கே அது வெறும் நிறம். ஒரே இனம், ஒரே முகம், ஒரு கரையில் அது தகுதிச்சான்று, இன்னொரு கரையில் ஒன்றுமில்லை. அடையாளம் உடலில் இருப்பதாக நினைக்கிறோம். அதைப் படிக்கும் கூட்டம் இல்லாத இடத்தில் அது அடையாளமாக இருப்பதே இல்லை.

என்னை மிகவும் தொந்தரவு செய்வது இவை எதுவும் இல்லை. அதே பேரினத்தின் போலிஸ்டிஸ் ஃபஸ்கேட்டஸ் என்ற வட அமெரிக்கக் குளவி, புழுக்களுக்கு ஊட்டும்போது குழியின் விளிம்பை உணர்கொம்புகளால் படபடவென்று தட்டுகிறது. கூடு அதிர்கிறது. பருவத்தின் தொடக்கத்தில் இந்தத் தட்டல் அதிகம். சாயிநாத் சூரியநாராயணனும் ராபர்ட் ஜீனும் உடன் உழைத்தவர்களும் 2011இல் இதைச் செயற்கையாகச் செய்து பார்த்தார்கள்: பருவத்தின் பிற்பகுதிக் கூடுகளை, சிறு கருவி ஒன்றால் அதே வேகத்தில் அதிரவைத்தார்கள். அந்த அதிர்வில் வளர்ந்து வெளிவந்த குளவிகளின் உடம்பில் கொழுப்பு குறைவு. கொழுப்புச் சேர்த்த பெண்தான் குளிர்காலத்தைத் தாண்டி அடுத்த ஆண்டு ராணியாக முடியும். கொழுப்பில்லாதது வேலைக்காரியாகத்தான் வாழும். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் ஊரில் சொல்வார்கள், விடாத போதனையின் பெருமையாக. இங்கே தட்டத் தட்டப் புழு வேலைக்காரியாகிறது. வளர்ந்த குளவி வாசனையைப் படித்துத் தன் கணக்கைப் போட்டு அடங்குகிறது என்று சொல்லலாம். குழிக்குள் கிடக்கும் புழு எந்தக் கணக்கைப் போடும்? அதனால் மறுக்கவும் முடியாது, வேறிடம் போகவும் முடியாது. அதிர்வு நேராக அதன் வளர்ச்சிக்குள் நுழைகிறது. ரொபாலிடியாவிலும் இதன் நிழல் உண்டு. பிறந்ததும் பெட்டியில் தனியே பிரித்து வைத்து, வயிறு நிறைய உணவு கொடுத்தாலும், பெண் குளவிகளில் ஏறக்குறைய பாதிதான் கூடு கட்டி முட்டையிடுகின்றன. மற்ற பாதி, எந்த ராணியின் வாசனையும் இல்லாத அந்தப் பெட்டியிலும் முட்டையிடாமலே இறந்துபோகின்றன. அவை புழுவாக இருந்த நாட்களிலேயே, எவ்வளவு ஊட்டப்பட்டன என்பதன் வழியாகவே ஏதோ தீர்மானமாகியிருக்கிறது. ஆகவே, உத்தரவா தகவலா என்ற கேள்விக்கு ஒரே விடையை எல்லாக் கூட்டுக்கும் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. படிக்கத் தெரிந்த வயதில் தகவலாக இருப்பது, படிக்கத் தெரியாத வயதில் உத்தரவாக இருந்திருக்கிறது. சம்மதத்தைப் பற்றிப் பேசும்போது எந்த வயதிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைச் சொல்லாமல் பேசுவது சரியில்லை.

வாரிசின் அந்த ஒருவாரக் கோபத்துக்கு மறுபடி வருகிறேன். எல்லாவற்றுக்கும் தெரியும், எதுவும் எதிர்க்கவில்லை என்றால் அந்த வெறி யாரை நோக்கியது? மற்றவற்றை அடக்குவதற்காக என்றால், அடக்க வேண்டியவை அதிகமாக இருக்கும் கூட்டில் கோபமும் அதிகமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. கதக்கரின் குழு கண்டது வேறு: எந்த வாரிசு அதிகமாகக் கவ்வியதோ, அது சீக்கிரம் முட்டையிடத் தொடங்கியது. கோபம் எதிரே இருப்பதைக் கீழே தள்ளுவதைவிட, கோபப்படுவதன் சினைப்பையை முதிரவைக்கிறது என்பதே அவர்கள் முன்வைக்கும் விளக்கம். ராணியாவதற்கு அதன் உடம்புக்கு அவசரமாக ஒரு உந்துதல் தேவை. பக்கத்தில் இருக்கும் உடல்கள் அதற்குக் கிடைத்த கருவி. சினைப்பை முதிர முதிர டியூஃபோர் சுரப்பியின் சாறும் ராணிச்சாறாக மாறிவருகிறது. அதே அளவுக்குக் கோபம் வடிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஆட்சிக்கவிழ்ப்பு போலத் தெரியும். உள்ளே நடப்பது ஒரு உடம்பு தன்னை வேறொன்றாக ஆக்கிக்கொள்ளும் கடினமான ஒரு வாரம். இதை எழுதும்போதும் எனக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. கவ்வப்படுகிற குளவிக்கு, கவ்வுகிறதன் சினைப்பை ஒரு சமாதானம் ஆகாது. ஆனால் கூட்டின் மூன்று பெரிய அறிகுறிகளும், பசிக்கான கவ்வல், தன்னை முதிரவைக்கும் கோபம், பரப்பில் தேய்க்கும் வாசனை, எதுவுமே நாம் முதல் பார்வையில் நினைத்த மேல்கீழைப் பேசவில்லை என்பது, என் கண்ணைப் பற்றி எனக்கு எதையோ சொல்கிறது. அடிதடி நடந்தால் அங்கே பதவி விவகாரம் இருக்கும் என்று தீர்மானிக்க இந்தக் கண்ணுக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை.

வரிசையின் கடைசியில் நிற்பவற்றைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அவற்றின் முறை வருவதற்குள் அநேகமாக ஆயுள் முடிந்துவிடும். முட்டை குளவியாகி வெளியே வர ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கிறது. கூட்டில் ஒரு பெண் குளவியின் சராசரி வாழ்வு சுமார் ஒரு மாதம்தான். தனியாகப் போய்க் கூடு தொடங்கும் குளவி, தன் முதல் பிள்ளை பிறக்கும்வரை உயிரோடு இருப்பதே அரிது. அது செத்தால் குழிகளில் இருப்பவை அத்தனையும் வீண். கூட்டத்தில் இருந்துகொண்டு பாதி வளர்த்துவிட்டுச் செத்தால் மீதியை இன்னொன்று வளர்த்துவிடும். 1990இல் கதக்கர் முன்வைத்த இந்த வாதம், உறவின் நெருக்கத்தை முன்னிறுத்தி வில்லியம் ஹாமில்டன் 1964இல் தொடங்கிய கணக்குக்கு ஒரு முக்கியமான துணை. இந்தக் குளவியின் ராணிகள் பல ஆண்களோடு கூடுகின்றன, அடிக்கடி மாறவும் செய்கின்றன. அதனால் ஒரு வேலைக்காரி வளர்க்கும் புழு அதன் தங்கையாகத்தான் இருக்கும் என்பதில்லை, அக்காள் மகளாகவோ இன்னும் தூரத்துச் சொந்தமாகவோ இருக்கலாம். ரத்த நெருக்கம் மட்டும் இத்தனை பேரையும் பிடித்துவைக்கப் போதாது. போகும் கதவு திறந்தேதான் இருக்கிறது. நம் தட்பவெப்பத்தில் ஆண்டு முழுவதும் புதுக்கூடுகள் தொடங்கப்படுகின்றன. தனியாகவும் சிலவாகச் சேர்ந்தும் பிரிந்து போகின்றன. ஆகவே தங்குகிற ஒவ்வொரு குளவிக்கும் தங்குவதற்கு ஒரு காரணம் தினமும் புதிதாக இருந்தாக வேண்டும். கூட்டின் பரப்பில் தேய்க்கப்பட்ட வாசனை, இங்கே முட்டையிடத் திறனுள்ள ஒன்று இருக்கிறது, நீ ஊட்டினால் வீணாகாது என்று சொல்வது அந்தக் காரணங்களில் ஒன்று. வெளியே காத்திருக்கும் எறும்பும் கதண்டும் இன்னொன்று.